வானூர்தியில் ஒரு செவி, இரு குரல்: சிறு விமானமும் செல்பேசியும்

மனிதனுக்கு இறைவன் வழங்கிய புலன்களுள் செவிக்குத் தனியிடம் உண்டு. கண்ணை இமையால் மூடலாம், வாயை இதழால் மூடலாம், செவிக்கு மூடியில்லை. வருகின்ற ஒலியையெல்லாம் அது ஏற்றுக்கொள்கிறது. அவற்றுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதை அறிவுதான் முடிவு செய்ய வேண்டும். வள்ளுவப் பெருந்தகை 'கேள்வி' என ஓர் அதிகாரமே வகுத்திருப்பதை நாம் அறிவோம். திருமறை ஓதப்படும் வேளையில் பேச்சை நிறுத்திச் செவி சாய்த்தல் நம் மார்க்கம் கற்பிக்கும் ஒழுக்கம்.

இவ்வொழுக்கம் உயிர் காக்கும் விதியாகவே அமைந்துவிட்ட துறை ஒன்று உண்டு. அது விமானம் ஓட்டும் துறை. இரும்புலியூர், சேலையூர்ப் பகுதிகளில் வாழ்வோர்க்குப் பயிற்சி விமானங்களின் ஓசை புதிதன்று. 1948-இல் அம்பாலாவில் தொடங்கப்பெற்று 1954-இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்த விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி நமக்கு அண்மையில் உள்ளது. விமானம் ஓட்டக் கற்பிக்கும் ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி அது. மீனம்பாக்கத்திலோ 1930-ஐ ஒட்டித் தோன்றிய சென்னைப் பறத்தல் கழகம் குடிமக்களுக்குப் பயிற்சி அளித்த வரலாறு உண்டு. படைத்துறை விமானங்களின் ஒழுங்குமுறை வேறு. அதில் நாம் நுழையவில்லை. குடிமக்கள் ஓட்டும் சிறு விமானங்களில் விமானி அணியும் ஹெட்செட்டுடன் செல்பேசியை இணைப்பது எவ்வாறு, அதன் பயன் யாது, அதனால் நேரும் இடர் யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழில் இனி அதனைச் 'செவியணி' என்றே வழங்குவோம்.

குழாய் வழிக் குரல்

தொடக்கக் காலப் பயிற்சி விமானங்களில் ஆசிரியரும் மாணவரும் ஒருவர்பின் ஒருவராகத் திறந்த இருக்கைகளில் அமர்ந்தனர். காற்றின் இரைச்சலிலும் எஞ்சினின் முழக்கத்திலும் ஆசிரியரின் சொல் மாணவரை எட்டவில்லை. 1917-இல் இங்கிலாந்திலுள்ள கோஸ்போர்ட் என்னும் ஊரில் ராபர்ட் ஸ்மித்-பாரி என்பவர் முறையான பறத்தற் பயிற்சியை வகுத்தபோது, பேசுகுழாய் ஒன்று பயன்பாட்டிற்கு வந்தது. ஆசிரியர் ஒரு முனையில் பேச, மறுமுனை மாணவரின் தலைக்கவசத்துள் காதருகே முடிந்தது. மின்சாரம் இல்லை, வானொலி இல்லை, வெறும் குழாய்தான். ஆயினும் ஆசிரியரின் குரல் மாணவரின் செவியை அடைந்தவுடன் பயிற்சியின் தன்மையே மாறிற்று. அக்குழாய்க்குக் கோஸ்போர்ட் குழாய் என்றே பெயர் நிலைத்தது.

பின்னர் வானொலி வந்தது; செவியணி வந்தது. சிறு விமானத்தின் அறைக்குள் இரைச்சல் 85 முதல் 100 டெசிபல் வரை இருக்கும். காதைக் கிண்ணம் போல் மூடி அவ்விரைச்சலைத் தணிப்பது செவியணியின் முதற்பணி. 1978-இல் விமானப் பயணம் ஒன்றின்போது, வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த அறிஞர் அமர் போஸ், இரைச்சலுக்கு எதிரலையை உண்டாக்கி அதனை இரைச்சலாலேயே அழிக்கலாம் எனச் சிந்தித்தார். அச்சிந்தனை 1989-இல் விமானிகளுக்கான செவியணியாக விற்பனைக்கு வந்தது.

இரு செருகிகள்

குடிமை விமானச் செவியணியின் வடம் இரண்டு செருகிகளாகப் பிரிந்து முடியும். ஒன்று பருத்தது, 6.3 மில்லிமீட்டர் அளவினது, காதுக்குரியது. மற்றொன்று சற்று மெலிந்தது, ஏறத்தாழ 5.2 மில்லிமீட்டர், வாய்க்குரிய ஒலிவாங்கியைச் சேர்ந்தது. ஒன்றின் துளையில் மற்றொன்றைத் தவறிச் செருகிவிடாதபடி பருமனையே வேறுபடுத்தி வைத்துள்ளனர். ஹெலிகாப்டர்களில் பெரும்பாலும் இரண்டும் ஒரே செருகியில் அடங்கும்.

செல்பேசியின் காதுத்துளையோ 3.5 மில்லிமீட்டர். பல புதிய செல்பேசிகளில் அத்துளையும் இல்லை. துளையின் அளவை மட்டும் மாற்றும் இணைப்பியைக் கடையில் வாங்கிச் செருகிவிட்டால் போதாதா எனச் சிலர் கேட்கக்கூடும். போதாது. உருவம் பொருந்தினாலும் உள்ளியல்பு பொருந்தாது. அதற்கு மூன்று காரணங்கள் உள.

முதலாவது, காது. செல்பேசியின் ஒலி 16 முதல் 32 ஓம் மின்தடையுள்ள சிறு காதொலிப்பான்களுக்கென அளந்து விடப்படுகிறது. விமானச் செவியணியின் தடை 150 ஓம், 300 ஓம் என மிகுந்திருக்கும். ஆகவே, செல்பேசியின் குரல் அதில் மெலிந்தே ஒலிக்கும்.

இரண்டாவது, வாய். விமான வானொலியில் முற்காலத்தில் கரித்தூள் ஒலிவாங்கிகள் பயன்பட்டன. அவற்றுக்கு விமானத்திலிருந்தே மின்னழுத்தம் சென்றது. அவை தந்த மின்குறியும் வலிமையானது. கரித்தூள் மறைந்த பின்னரும் அம்முறைமை மறையவில்லை. இன்றைய ஒலிவாங்கி வேறு வகையினதாயினும், உள்ளே ஒரு சிறு பெருக்கியை வைத்துக்கொண்டு பழைய கரித்தூள் ஒலிவாங்கி போலவே நடந்துகொள்கிறது. அதற்கு வேண்டிய மின்னழுத்தம் 8 முதல் 16 வோல்ட்டு. செல்பேசி தருவதோ ஏறத்தாழ 2 வோல்ட்டு. அந்த ஊட்டத்தில் விமான ஒலிவாங்கி விழித்தெழாது. விமானத்தின் ஊட்டத்தைப் பெற்று விழித்தெழுந்தாலோ, அது தரும் மின்குறி செல்பேசி தாங்கும் அளவினும் பன்மடங்கு மிகும்; பேச்சுச் சிதையும்.

மூன்றாவது, இரைச்சல். விமானத்தின் மின்சுற்றும் செல்பேசியின் மின்சுற்றும் நேரடியாகக் கலந்தால் ரீங்காரம் தோன்றும். இரண்டாம் தலைமுறைச் செல்பேசி தன் அலையை நொடிக்கு 217 துடிப்புகளாக விட்டுவிட்டு அனுப்புகிறது. வானொலிப் பெட்டியருகே அத்தகைய செல்பேசியை வைத்தவர் கேட்ட 'டிரிக் டிரிக்' ஓசை அதுவே. விமானியின் காதிலும் அது நுழையும்.

இணைக்கும் முறை

ஆகவே, இடையில் ஓர் இணைப்பி தேவைப்படுகிறது. செவியணியின் இரு செருகிகளும் இதனுள் செல்லும். இதிலிருந்து புறப்படும் இரு செருகிகள் விமானத்தின் துளைகளுக்குச் செல்லும். மூன்றாவது கிளை ஒன்று செல்பேசிக்குச் செல்லும். விமான ஒலிவாங்கியின் வலிய குறியை மின்தடைகளால் தணித்துச் செல்பேசிக்கு அனுப்புவதும், செல்பேசியின் குரலை விமான வானொலியின் குரலோடு சேர்த்துக் காதுக்குத் தருவதும், மின்தேக்கியையோ சிறு மின்மாற்றியையோ இடையே வைத்து இரு சுற்றுகளின் மின்னோட்டங்களும் கலவாமல் பேச்சு மட்டும் கடந்து செல்லச் செய்வதும் இதன் பணிகள். ஆற்றின் குறுக்கே கட்டிய மதகு நீரை அளந்துவிடுவது போன்ற வேலை இது.

2000-க்குப் பின்னர் புளூடூத் என்னும் கம்பியில்லா முறை செவியணிக்குள்ளேயே வந்தமைந்தது. புதிய விமானங்களின் உட்பேசிப் பெட்டியிலும் செல்பேசிக்கென வழி உண்டு. இவற்றில் வடமும் இல்லை. தனி இணைப்பியும் இல்லை.

இங்கே ஒரு நுட்பத்தை மறத்தலாகாது. விமானி கோபுரத்தோடு பேச வேண்டுமாயின் கைப்பிடியிலுள்ள பேசு விசையை அழுத்த வேண்டும். அழுத்தாத வரை அவர் பேச்சு விமானத்திற்குள்ளும் செல்பேசிக்குள்ளும் மட்டுமே செல்லும். செல்பேசியில் பேசிக்கொண்டிருக்கும்போது அவ்விசை அழுந்திவிட்டால், வீட்டாரோடு பேசிய பேச்சு வானொலி அலையேறிச் சுற்றுப்புற விமானங்களுக்கெல்லாம் கேட்கும். அது நாணத்தோடு முடிவதன்று. அந்நேரம் முழுவதும் அவ்வலைவரிசையில் பிறர் பேச இயலாது போகும்.

பயன்

விமானிக்குச் செல்பேசி எதற்கு எனக் கேட்கலாம். தரையில் நிற்கும்போதே அதன் பயன் மிகுதி. கோபுரமில்லாச் சிறு ஓடுதளங்களிலிருந்து கிளம்புவோர் புறப்படுமுன் இசைவு பெற வேண்டும். நம் நாட்டில் வான் பாதுகாப்பு இசைவெண்ணும், பறத்தல் செய்தி நிலையத்தின் எண்ணும் பெற்ற பின்னரே இத்தகைய பயணங்கள் தொடங்கும். தென்னகத்திற்குரிய அந்நிலையம் சென்னையில் உள்ளது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் தொலைபேசியில் தெளிவாகப் பேச, செவியணி இணைப்பு உதவுகிறது.

வானில் அதன் பயன் ஆபத்துக் காலத்திற்குரியது. 2007 நவம்பரில் அயர்லாந்தின் கெரியிலிருந்து ஜெர்சி தீவுக்குப் புறப்பட்ட 'பைப்பர் செனிகா' என்னும் சிறு விமானத்தில் மின்சாரம் முற்றிலும் அற்றுப்போயிற்று. வானொலி ஊமையாயிற்று. விமானி தம் செல்பேசியால் கார்க் விமான நிலையத்தைத் தொடர்புகொண்டார். குரல் அறுந்து அறுந்து ஒலித்தது. கட்டுப்பாட்டு அலுவலர் குறுஞ்செய்திகளை அனுப்பி வழிகாட்ட, விமானம் கார்க்கில் நலமே இறங்கியது. பேச்சுக்குத் தொடர்பு இடையறாது நிலைக்க வேண்டும். குறுஞ்செய்திக்கோ ஒரு நொடித் தொடர்பு போதும். குரல் போகாத இடத்திற்கு எழுத்து சென்ற காரணம் அதுவே. எழுத்தறிவித்தவனை இறைவனுக்கு ஒப்பிடும் நம் நாட்டார்க்கு இந்நிகழ்ச்சி சிந்தித்து மகிழத்தக்கது.

எனினும், இது விதியன்று, விலக்கு. செல்பேசிக் கோபுரங்கள் தரையில் உள்ளோரை நோக்கி அலைபரப்ப அமைக்கப்பட்டவை. உயரத்திலுள்ள செல்பேசி ஒரே நேரத்தில் பல கோபுரங்களை எட்டிக் குழப்பம் விளைக்கும். இக்காரணத்தால் அமெரிக்கா 1991-இல் வானில் செல்பேசி அழைப்பைத் தடை செய்தது. நம் நாட்டில் 2014-இல் பயணிகள் செல்பேசியை 'விமானப் பயண நிலை'யில் வைத்துக்கொள்ள இசைவு அளிக்கப்பட்டது. 2018-இன் விதிகள், 3000 மீட்டருக்கு மேல் விமானத்திலேயே அமைந்த கருவிகளின் வழியாகச் சேவை வழங்க வகை செய்தன. எனவே, இணைப்பி கையிலிருப்பது ஒன்று. அதனைப் பயன்படுத்தும் உரிமை வேறொன்று.

முந்தும் குரல் எது?

கருவியை இணைப்பது எளிது. இரு குரல்கள் ஒரே செவியை நாடும்போது எது முந்துவது என்பதே கடினமான வினா. இவ்வினாவுக்கு வான்துறை பெருவிலை கொடுத்து விடை கற்றுள்ளது.

1977 மார்ச் 27 அன்று கேனரித் தீவுகளிலுள்ள டெனரீப் விமான நிலையத்தைப் பனி மூடியிருந்தது. ஓடுதளத்தின் ஒரு முனையில் டச்சு நாட்டு விமானம் புறப்பட நின்றது. அதே தளத்தில் அமெரிக்க விமானம் ஊர்ந்துகொண்டிருந்தது. டச்சு விமானத்தைக் காத்திருக்குமாறு கோபுரம் கூறிய அதே கணத்தில், தாம் இன்னும் தளத்திலேயே இருப்பதாக அமெரிக்க விமானிகள் கூறினர். இரு குரல்களும் ஒரே அலைவரிசையில் மோதின. டச்சு விமானியின் செவியில் விழுந்தது கீச்சொலியே. தெளிவாகக் கேட்டிருந்தால் காத்திருக்கும் இரு செய்திகள் ஒன்றையொன்று மறைத்துவிட்டன. இசைவின்றி ஓடத் தொடங்கிய விமானம் மற்றதன்மேல் மோதிற்று. 583 உயிர்கள் மடிந்தன.

1996 நவம்பர் 12 அன்று அரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே வேறு வகையாக அதே பாடம் எழுதப்பட்டது. தில்லியிலிருந்து மேலெழுந்த சவூதி விமானத்தில் 312 பேர். அவர்களுள் வளைகுடாவில் பிழைப்பு நாடிச் சென்ற நம் நாட்டார் பலர். எதிரே இறங்கி வந்த கசகஸ்தான் விமானத்தில் 37 பேர். பின்னது தனக்கு வகுத்த 15,000 அடி உயரத்தினின்றும் கீழிறங்கிவிட்டது. அவ்விமானத்தில் கோபுரத்தோடு பேசியவர் விமானியல்லர், வானொலி இயக்குநர். ஆங்கிலத் தேர்ச்சிக் குறைவும் அக்குழுவின் ஒத்திசைவின்மையும் நீதிபதி லகோட்டி ஆணையத்தின் விசாரணையில் வெளிப்பட்டன. 349 பேரில் ஒருவரும் எஞ்சவில்லை. பெருந்தொழுகைகளில் இமாமின் தக்பீரைப் பின்வரிசைகளுக்கு எடுத்துரைப்பவர் ஒரு நொடி தடுமாறினால் வரிசைகள் குலைவதை நாம் கண்டிருக்கிறோம். அங்கே குலைந்த வரிசை மீண்டும் சீராகும். வானில் அவ்வாய்ப்பு இல்லை.

இவ்விரு விபத்துகளிலும் செல்பேசி இல்லை. ஆயினும், செல்பேசியைச் செவியணியோடு இணைப்பவர் அறிய வேண்டிய அனைத்தும் இவற்றில் உள்ளன. அதனால்தான் நல்ல உட்பேசிகளில், கோபுரத்தின் குரல் வந்த கணமே இசையும் பிற ஒலியும் தாமே தாழ்ந்து வழிவிடும் அமைப்பு வைக்கப்பட்டுள்ளது. வானொலி கெட்டால் விமானி முதலில் நாட வேண்டியது செல்பேசியையும் அன்று. தன் இருப்பை உணர்த்தும் கருவியில் 7600 என்னும் எண்ணை வைக்க வேண்டும். கோபுரம் காட்டும் பச்சை, சிவப்பு விளக்குகளை நோக்க வேண்டும். ஓட்டுதல் முதல், வழியறிதல் அடுத்து, பேசுதல் அதன்பின் என்பது விமானிகளின் பால பாடம்.

நிறைவுரை

வானூர்தி ஓட்டுவோர் நம்முள் சிலரே. செல்பேசி வைத்திருப்போர் நாம் அனைவரும். வகுப்பறையில் ஆசிரியர் குரலும், பள்ளிவாசலில் இமாமின் குரலும், இல்லத்தில் பெற்றோர் குரலும் நம் செவியை நாடும்போது, சட்டைப்பையிலுள்ள கருவியும் அதே செவியை நாடுகிறது. அதனைப் பகையெனக் கொள்ள வேண்டியதில்லை. கார்க் நகரில் அது உயிர்களைக் காத்தது. அதற்குரிய இடத்தை வகுத்து வைத்தலே வேண்டுவது. வானில் அதனைச் செய்ய ஒரு சிறு மின்சுற்று உண்டு. தரையில் அப்பணியை நம் அறிவே செய்ய வேண்டும். எக்குரலுக்கு எக்குரல் வழிவிட வேண்டும் என்பதை மாணவச் செல்வங்கள் இளமையிலேயே பழகிக்கொள்வார்களாயின், அவர்கள் செல்லும் பயணம் எதுவாயினும் இன்ஷா அல்லாஹ் நலமே இறங்குவார்கள்.