பெயரை அழிச்சா போதுமா?

டாக்டரிடம் சொன்ன விஷயம் அந்த அறையைத் தாண்டக் கூடாது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் மருந்துக்கடையில் பில் போடக் கொடுத்த மொபைல் நம்பர், இதயத்துடிப்பை அளக்கும் வாட்ச், மாதவிடாய் தேதியைக் குறித்து வைக்கும் ஆப், இதெல்லாம் டாக்டர் கிடையாதே! அங்கே சேரும் தகவலுக்கு யார் காவல்?

அமெரிக்காவிலும் இதே ஓட்டைதான். 1996ல் வந்த 'ஹிப்பா' சட்டம் மருத்துவமனைகளையும் காப்பீட்டு நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. பெரும்பாலான ஆப்கள் அதற்கு வெளியே. அதை அடைக்க வாஷிங்டன் மாநிலம் 2023ல் 'மை ஹெல்த் மை டேட்டா' சட்டத்தைக் கொண்டு வந்தது. நீங்க கேட்ட சேவைக்குத் தேவையானதைத் தாண்டி உடல்நலத் தகவலைத் திரட்டணும்னா ஒரு சம்மதம், அதைப் பிறரிடம் பகிரணும்னா தனியா இன்னொரு சம்மதம். விற்கணும்னா கையெழுத்துப் போட்ட அனுமதி. மருத்துவமனையைச் சுற்றி 2000 அடிக்குள் உங்க போனைப் பின்தொடர்ந்து விளம்பரம் அனுப்பக் கூடாது. மீறினால் பாதிக்கப்பட்டவரே வழக்குப் போடலாம்.

சரி, நம்ம ஊர்ல? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2011 விதிகள் மருத்துவப் பதிவுகளை 'உணர்திறன் மிக்க தகவல்' என்று தனியாகப் பிரித்தன. அந்தச் சட்டத்தின் 43ஏ பிரிவில் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம். 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தத் தனிப்பிரிவு இல்லை. சுகர் ரிப்போர்ட்டும் ஷாப்பிங் லிஸ்ட்டும் ஒரே தட்டில்தான். பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. ஆனால் அது அரசு நிதிக்குப் போகும், உங்க கைக்கு வராது. இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்தே அமலாகும். அப்போது 43ஏ பிரிவும் போய்விடும்.

"பெயரை அழிச்சிட்டுத்தான் டேட்டாவைக் கொடுக்கிறோம்" என்பார்கள். வேளச்சேரிக்கு அது ஓரளவு சரி. திருச்செந்தூர் பக்கத்து ஆலந்தலையை நினைத்துப் பாருங்க. 'ஆலந்தலை, ஆண், 34 வயது, வலிப்பு மாத்திரை' என்று ஒரு வரி போதும். கடற்கரையில் வலை பிரிக்கிறவங்க ஆளைச் சொல்லிடுவாங்க. அப்புறம் அவரை எந்த வள்ளத்தில் கடலுக்குக் கூட்டிட்டுப் போவாங்க? தங்கச்சிக்குச் சம்பந்தம் பேச வர்றவங்க என்ன கேட்பாங்க? ஊர் சின்னதாக ஆக, ரகசியமும் மெலிதாகிறது.

பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் நம் அரசியல் சாசனத்தில் மாநிலப் பட்டியலில் இருப்பவை. மருத்துவமனை, லேப் அளவிலாவது தமிழ்நாடு தனிச்சட்டம் யோசிக்க இடமிருக்கிறது.

அதுவரை? பில் போட நம்பர் கேட்டால், "எதுக்கு?" என்று கேளுங்க. நாளைக்கு நீங்களே ஹெல்த் ஆப் எழுதும்போது, ஒரு ஊரில் பத்துப் பேருக்கும் குறைவாக வந்தால் அந்த ஊரைக் காட்டாதீங்க, தாலுகாவோடு சேர்த்துடுங்க. கோடில் அது நாலே வரி. ஆலந்தலைக்காரருக்கு அது பிழைப்பு.