முளைக்கவிட்டு நிறுத்தும் வித்தை

பார்லியைப் பீராக்கும் வேலையைத் தொடங்கி வைப்பது பார்லியேதான். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாக்கும். பார்லி மணிக்குள் இருப்பதோ மாவுச்சத்து. அதை ஈஸ்ட் தொடாது. மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கும் நொதிகள், முளைக்கிற விதையில் அதன் குருத்துக்கு ஊட்டுவதற்காகத் தாமே சுரக்கின்றன. ஆகவே விதையை முளைக்கவிட்டு, நொதிகள் தயாரானதும், சேமிப்பு முழுவதையும் அது தின்று தீர்ப்பதற்குள் வளர்ச்சியை நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்திய தானியம்தான் மால்ட். நம் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி அரைப்பதும் இதே வேலைதான். முளைகட்டிய மாவில் வைத்த கஞ்சி நீர்த்துப்போவதற்கும் அந்த நொதிகளே காரணம்.

ஊறவைப்பதிலேயே நுணுக்கம் உண்டு. ஊறும் இரண்டு நாளும் தண்ணீரிலேயே கிடந்தால் விதை மூச்சுத் திணறிச் செத்துவிடும்; நடுநடுவே நீரை வடித்துக் காற்றாட விடுவார்கள். ஈரம் ஏறக்குறைய 45 சதவீதத்தை எட்டியதும் பரப்பி, நான்கைந்து நாள் முளைக்கவிடுவார்கள். முளைக்கும் விதை சூடு கிளப்பும், வேர்கள் பின்னிப் பாயாகிவிடும். அதனால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் மால்ட் கூடங்களில் இப்படிக் கிளறிக் கிளறித் தொழிலாளர்களின் தோளே இறங்கிப்போனதாம். அதற்குக் ‘குரங்குத் தோள்’ என்று பெயர் வைத்தார்கள். இன்று பெரும்பாலும் இயந்திரம் கிளறுகிறது.

அடுத்தது சூளை. ஈரத்தோடு இருக்கும்போது சூட்டை ஏற்றினால் நொதி கெட்டுவிடும். மிதமான வெப்பக்காற்றில் ஈரத்தை விரட்டிய பிறகே 80 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோவார்கள். உலர்ந்த நொதி அதைத் தாங்கும். பீர் ஆலையில் மால்ட்டை நொறுக்கி, சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால் தித்திப்பான சாறு இறங்கும். ஹாப்ஸ் பூ சேர்த்துக் கொதிக்கவைத்து ஆற்றினால் ஈஸ்ட்டின் முறை.

நிறத்தின் கதை தனி. லண்டனின் கரும்பீரான போர்ட்டர் ஒருகாலத்தில் பழுப்பு மால்ட்டில்தான் காய்ச்சப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அடர்த்திமானி வைத்து அளந்தபோது, வெளிர் மால்ட்டில் அதிகச் சர்க்கரை இறங்குவது தெரியவந்தது. முதலாளிகள் மாறினார்கள், பீர் வெளுத்தது. கருக்குவதற்கு என்னென்னவோ கலந்தார்கள். 1816இல் பிரிட்டன் நாடாளுமன்றம் மால்ட், ஹாப்ஸ் தவிர வேறெதுவும் கூடாதென்று சட்டம் போட்டது. மறு ஆண்டே டேனியல் வீலர், காப்பிக்கொட்டையைப் போல மால்ட்டை உருளையில் வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கருக வறுத்த அந்த மால்ட்டில் நொதி எதுவும் மிஞ்சாது. அதனால் நட்டமில்லை: சர்க்கரைக்கு வெளிர் மால்ட் இருக்கிறது, கறுப்பு மால்ட் நிறத்துக்கும் கசப்புக்கும் கொஞ்சம் சேர்ந்தால் போதும்.