வேனின் பின்பக்கம் முனகினால்...

புறக்கோட்டையில் சரக்கேற்றி ஊர் திரும்பும் வியாபாரிக்கு வேன்தான் இரண்டாவது கடை. அது ஒரு வாரம் கராஜில் கிடந்தால், அந்த வாரத்து ஓடர்கள் அடுத்தவர் கைக்குப் போய்விடும். அந்த அவசரத்தில்தான், "டிபரன்ஷல் போய்விட்டது, செட்டோடு மாற்றுவோம்" என்று பாஸ் சொன்னதும் தலையாட்டி விடுகிறோம். பஞ்சிகாவத்தையில் பழைய செட் வாங்கிப் பூட்டிய பிறகும் அதே சத்தம் கேட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

சத்தம் எப்போது வருகிறது என்று கவனித்தால் பாதி வருத்தம் பிடிபட்டுவிடும். வேனை நிறுத்தி, கியர் போடாமல் எக்ஸலேட்டரை மிதியுங்கள். அப்போதும் அதே சத்தம் என்றால் பின்பக்கத்தைக் கழற்றவே வேண்டாம். ஓடும்போது மிதித்தால் ஊளையிட்டு, காலை எடுத்ததும் சத்தம் மாறினால் கிரவுன் வீல், பினியன் பற்களைச் சந்தேகிக்கலாம். மிதித்தாலும் விட்டாலும் ஒரேமாதிரி உறுமினால் பேரிங். அந்த உறுமல் வளைவுகளில் கூடிக் குறைந்தால் பெரும்பாலும் வீல் பேரிங்தான்; செலவும் குறைவு. புறப்படும்போது 'டக்' என்றால் முதலில் புரொப்பலர் ஷாப்ட் ஜொயின்ட்டைப் பாருங்கள். பாரத்தோடு எடுக்கும்போது வண்டி நடுங்கினால் கிளச்சையும் ஷாப்டின் நடு பேரிங்கையும் பார்க்க வேண்டும்.

திரும்பும்போது மட்டும் நடுங்குவது வேறு கதை. லிமிடட் ஸ்லிப் டிபரன்ஷல் உள்ள பல வண்டிகளில் உள்ளே சிறு கிளச் தட்டுகள் உண்டு. சாதாரண கியர் ஒயிலை ஊற்றினால் அவை சீராக வழுக்காமல் பிடித்துப் பிடித்து விடும். அதற்கென உள்ள ஒயிலை மாற்றி, ஒரு வெற்றுக் காணியில் மெதுவாக 8 போட்டு ஓட்டினால் பல வண்டிகள் அடங்கிவிடும். பின்பக்கம் ஒரு புது டயர், ஒரு தேய்ந்த டயர் என்று நாம் பார்க்கும் சிக்கனமும் இந்தத் தட்டுகளைத் தின்னும்.

ஒயில் மாற்றும்போது அருகில் நில்லுங்கள். வடிகால் நட்டில் சாம்பல் நிறக் களி ஒட்டியிருப்பது வழமை. இரும்புத் துண்டுகள் இருந்தால் திறந்தே ஆக வேண்டும். மேலேயுள்ள காற்றுத் துவாரம் அடைபட்டால் ஒயில், சீலைத் தாண்டி பிரேக் லைனருக்குப் போகும். பாரம் ஏற்றிய வேனுக்கு அது எந்தச் சத்தத்தையும் விட ஆபத்து.

மாற்றத்தான் வேண்டுமென்றால் கிரவுன் வீலையும் பினியனையும் சோடியாகவே மாற்றுங்கள். காசு கொடுக்கு முன் பற்களை எண்ணுங்கள். பழையதில் 41க்கு 10 என்றால், அதாவது 4.1 என்றால், புதியதும் அதுவே. விகிதம் மாறினால் ஏற்றத்தில் இழுக்காது, அல்லது டீசல் கூடக் குடிக்கும். வேக மீற்றரும் பொய் சொல்லும். கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.