"பார்சல் வரவே இல்லை!" என்று சண்டைக்கு வருபவரை எப்படிச் சமாளிப்பது?

கேமரன் மலைக்குப் போய் வருபவர்கள் கையில் தேயிலை, ஸ்ட்ராபெர்ரி ஜாம், தேன், பூச்செடி என்று ஏதாவது ஒன்று இருக்கும். இப்போது அதற்காக மலை ஏற வேண்டியதில்லை. தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கும் நம் குடும்பங்களே அவற்றை வாங்கி, பொட்டலம் கட்டி, புலனத்திலும் டிக் டாக்கிலும் ஷோப்பியிலும் விற்கிறார்கள். 1929-இல் தொடங்கிய போ தேயிலையும், 1933-இல் தொடங்கிய பாரத் தேயிலையும் நாடு முழுக்கப் பேர் வாங்கியவை. மலைத் தேயிலை என்று சொன்னாலே பாதி விற்பனை முடிந்துவிடும்.

விற்பது சுலபம். விற்ற பிறகு வரும் தலைவலி வேறு. வானொலியில் இணைய வணிகம் பற்றிப் பேசும் நாள்களில் அதிகம் கேட்கும் புலம்பல் இதுதான்: "பார்சல் போய்ச் சேர்ந்துடுச்சுன்னு கூரியர் சொல்லுது. ஆனா வாங்குனவங்க வரலைன்னு திட்டுறாங்க."

ரிங்லெட் பக்கம் தோட்டத்து லயத்தில் இருந்துகொண்டு தேயிலையும் ஜாமும் விற்கும் ஓர் அக்கா சொன்னதைக் கேளுங்கள். கோலாலம்பூருக்கு அனுப்பிய பொட்டலத்தின் விலை 68 ரிங்கிட். "ஒப்படைக்கப்பட்டது" என்று தகவல் வந்து இரண்டு நாள் கழித்து வாடிக்கையாளரிடமிருந்து குரல் பதிவு. "என்ன, ஏமாத்துறியா? இன்னிக்கே பணத்தைத் திருப்பிப் போடு. இல்லன்னா முகநூல்ல போட்டு நாறடிச்சிடுவேன்." பயந்துபோன அக்கா அன்றைக்கே பணத்தை அனுப்பிவிட்டார். மறுவாரம் தெரிந்தது, பொட்டலம் அந்த அடுக்குமாடியின் பாதுகாவலர் அறையில் இருந்ததாம். பொருளை எடுத்துக்கொண்டார்கள். பணம் திரும்ப வரவில்லை. மன்னிப்பும் வரவில்லை. ஒரு பொட்டலத்தில் அவருக்கு மிஞ்சுவது ஆறு, ஏழு ரிங்கிட். அந்த நட்டத்தை ஈடுகட்ட இன்னும் பத்துப் பொட்டலம் கட்ட வேண்டும்.

இந்த நிலைமை உங்களுக்கு வராமல் இருக்கவும், வந்தால் நிதானமாகக் கையாளவும் சில வழிகள் இருக்கின்றன.

எல்லாரும் பொய் சொல்வதில்லை

முதலில் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "வரவில்லை" என்று சொல்லும் பலர் உண்மையைத்தான் சொல்கிறார்கள். பொட்டலம் போய்ச் சேர்ந்திருக்கும், அவர் கைக்குத்தான் போயிருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி வைத்திருப்பார். பாதுகாவலர் அறையில் கிடக்கும். மாமியார் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு மறந்திருப்பார். அலுவலக முகவரி என்றால் வரவேற்பு மேசையில் தூங்கிக்கொண்டிருக்கும். சில நேரம் பொட்டலத்தைக் கொடுப்பதற்கு முன்பே "ஒப்படைக்கப்பட்டது" என்று பதிவாகி, பொருள் மறுநாள் வருவதும் உண்டு.

திட்டுகிறார் என்பதற்காக அவர் திருடர் என்று முடிவு கட்டாதீர்கள். பணம் கட்டிப் பொருள் வராதவருக்குக் கோபம் வருவது இயல்பு. பொருளைக் கையில் வைத்துக்கொண்டே வரவில்லை என்று சாதிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் உங்கள் முதல் பதில் ஒன்றுதான். வித்தியாசம் அடுத்தடுத்த பதில்களில் தானாகத் தெரிந்துவிடும்.

அனுப்பும்போதே பாதி வேலை

பழைய காலத்தில் முக்கியமான கடிதத்தைப் பதிவு அஞ்சலில், ஏ.ஆர். அட்டையோடு அனுப்புவார்கள். வாங்கியவர் கையெழுத்துப் போட்ட அட்டை நம்மிடமே திரும்பி வரும். "எனக்கு வரவில்லை" என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்று அந்த அட்டையின் வேலையை நாமே செய்துகொள்ள வேண்டும்.

• பொருளைப் பெட்டியில் வைப்பது முதல் ஒட்டுவது வரை கைப்பேசியில் ஒரே காணொளியாகப் பதிவு செய்யுங்கள். கூரியர் சீட்டின் எண் அதில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

• எடையைக் குறித்து வையுங்கள். "காலிப் பெட்டிதான் வந்தது" என்று சொல்பவருக்கு, சீட்டில் உள்ள எடைதான் பதில்.

• மலையில் மழையும் பனியும் அதிகம். சீட்டில் மை கலைந்தால் பொட்டலம் வழிதவறும். அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள்.

• அனுப்பிய அன்றே கண்காணிப்பு எண்ணை வாடிக்கையாளருக்கு அனுப்பி, "வீட்டில் யார் வாங்குவாங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

• விலை கூடிய பொருளுக்குக் கையெழுத்து வாங்கும் சேவையையும் காப்புறுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈபே தளத்தில் 750 அமெரிக்க டாலரும் அதற்கு மேலும் உள்ள பொருளுக்குக் கையெழுத்து இல்லாவிட்டால், விற்பவருக்குப் பாதுகாப்பு இல்லை. உங்களுக்கும் அப்படி ஓர் எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள். அது 150 ரிங்கிட்டாகக்கூட இருக்கலாம்.

முதல் 24 மணி நேரம்

புகார் வந்ததும் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதும் தவறு, பதிலுக்குத் திட்டுவதும் தவறு. முதலில் கூரியர் நிறுவனத்தை அழைத்து, ஒப்படைத்ததற்கான ஆதாரத்தைக் கேளுங்கள். படம், நேரம், வாங்கியவர் பெயர் என்று ஏதாவது பதிவு இருக்கும். புகார் எண்ணையும் வாங்கி வையுங்கள். இழப்பீடு கேட்பதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு கெடு வைத்திருக்கும். நாளைத் தள்ளினால் அந்த உரிமையும் போய்விடும்.

வாடிக்கையாளருக்கு அனுப்பும் முதல் பதில் இப்படி இருக்கலாம்:

"வணக்கம்ங்க. பொருள் கைக்கு வரலைன்னா கவலையாத்தான் இருக்கும். கூரியர் பதிவுல செவ்வாய்க்கிழமை மாலை 3.40-க்குக் கொடுத்ததா இருக்கு, படத்தை அனுப்பியிருக்கேன். வீட்டுல, பக்கத்துல, கார்டு ரூம்ல ஒரு தடவை கேட்டுப் பாருங்க. நானும் கூரியர்ல புகார் கொடுத்துட்டேன். நாளைக்குச் சாயந்திரம் 5 மணிக்குள்ள உங்களுக்குச் சொல்றேன்."

இதில் மன்னிப்பும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. ஆதாரமும் கெடுவும் இருக்கின்றன. சொன்ன நேரத்துக்குப் பதில் சொல்லிவிடுங்கள். பதில் வரும் நேரம் தெரிந்தால், பாதிக் கோபம் அப்போதே அடங்கிவிடும்.

மரியாதை இல்லாமல் பேசினால்? குரல் பதிவுக்குக் குரல் பதிவு வேண்டாம், எழுத்திலேயே பேசுங்கள். "உங்க பிரச்சினையைத் தீர்த்து வைக்கத்தான் பார்க்கிறேன். கெட்ட வார்த்தை வேண்டாங்க. பொருள் பத்தி மட்டும் பேசுவோம்" என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

தளத்தில் விற்றால் ஒன்று, புலனத்தில் விற்றால் இன்னொன்று

ஷோப்பி, லஸாடா போன்ற தளங்களில் வாங்குபவரின் பணம் உடனே உங்கள் கைக்கு வருவதில்லை. அவர் பொருள் கிடைத்தது என்று உறுதி செய்யும் வரை, அல்லது குறிப்பிட்ட நாள் முடியும் வரை தளமே வைத்திருக்கும். "வரவில்லை" என்று அவர் புகார் கொடுத்தால், ஆதாரம் காட்ட உங்களுக்கும் அவகாசம் தருவார்கள். அந்த அறிவிப்பைப் பார்க்காமல் விட்டால் வழக்கு உங்களுக்கு எதிராக முடியும். சில வாங்குபவர்கள் "புகாரை எடுத்துடுறேன், பணத்தை நேரா என் கணக்குல போடு" என்பார்கள். போடாதீர்கள். தளத்துக்கு வெளியே கொடுத்த பணத்துக்குத் தளம் பொறுப்பேற்காது.

புலனத்தில் விற்கும்போது நடுவர் யாரும் இல்லை. அதனால் பணம் வாங்கும் முன்பே உங்கள் விதிமுறையை எழுதி அனுப்புங்கள். எத்தனை நாளில் போய்ச் சேரும், வராவிட்டால் எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும், தவறான முகவரிக்கு யார் பொறுப்பு என்று நான்கு வரி போதும்.

சட்டம் யார் பக்கம்?

1957-ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தப்படி அனுப்ப வேண்டிய பொருளைக் கொண்டுசெல்பவரிடம் ஒப்படைத்தாலே, முதல் பார்வையில் அது வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகக் கருதப்படும். இதை மட்டும் கேடயமாகப் பிடித்துக்கொண்டு "கூரியரைக் கேள்" என்று ஒதுங்கிவிட முடியாது. வாங்குபவர் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 ரிங்கிட்தான். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. தீர்ப்பை நிறைவேற்றாமல் விடுவது குற்றம். இந்த மன்றம் பயனீட்டாளருக்கானது, விற்பவர் வாங்குபவர்மீது இங்கே வழக்குப் போட முடியாது. நீங்கள் எடுத்து வைத்த காணொளியும் படமும் எழுத்துப் பதிவும்தான் அங்கே உங்களுக்காகப் பேசும்.

பொருளை வாங்கிக்கொண்டே பலரிடம் பணம் பிடுங்குபவர் என்று தெரிந்தால், ஏமாற்றுக் குற்றத்துக்கான தண்டனைச் சட்டத்தின் 420-ஆவது பிரிவு இருக்கிறது. போலீசில் புகார் கொடுக்கலாம். மிரட்டலும் ஆபாசமும் தொடர்ந்தால் 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவும் உதவும்.

இதை மட்டும் செய்யாதீர்கள்

வாங்கியவரின் பெயர், கைப்பேசி எண், வீட்டு முகவரியோடு "இவர் ஏமாற்றுப் பேர்வழி, உஷார்!" என்று பதிவு போடுவது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. வணிகத்துக்காகப் பெற்ற விவரத்தை அப்படி வெளியிடுவது 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடலாம். குற்றச்சாட்டு தவறாக இருந்தால் அவதூறு வழக்கும் வரலாம். 68 ரிங்கிட் தகராறு ஆயிரக்கணக்கில் முடிய வேண்டாம்.

விற்பவருக்கு இதில் கை கட்டிப்போட்டது போல இருக்கும். ஈபே 2008-இலேயே, விற்பவர்கள் வாங்குபவர்களுக்குக் கெட்ட மதிப்பீடு தருவதை நிறுத்திவிட்டது. ஒற்றை நட்சத்திரம் கொடுக்கும் அதிகாரம் வாங்குபவரிடம்தான். அவர் எழுதிய மோசமான விமர்சனத்தின் கீழே நீங்கள் அமைதியாக எழுதும் இரண்டு வரியை, அடுத்து வாங்க வருபவர் படிப்பார். அவருக்காக எழுதுங்கள்.

தோட்டத்துக்குப் பொருள் வரும்போது

இதே தோட்டத்துக் குடும்பங்கள் தீபாவளித் துணி, பிள்ளைகளின் காலணி, கைப்பேசி என்று வாங்கவும் செய்கின்றன. அப்போது "வரவில்லை" என்று சொல்வது நாமாக இருப்போம். லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி தெளிவாக இல்லாத இடங்களில், பொட்டலம் தோட்ட அலுவலகத்திலோ வாசல் காவலிலோ இறங்கிவிடும். ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தால் கதை முடிந்தது.

வீட்டு எண், லயம், பிரிவு, தோட்டப் பெயர் என்று வரிசையாக எழுதுங்கள். அஞ்சல் எண் சரியாக இருக்கட்டும்: தானா ராத்தாவுக்கு 39000, பிரிஞ்சாங்குக்கு 39100, ரிங்லெட்டுக்கு 39200. கூகுள் மேப்ஸ் தரும் பிளஸ் கோடையும் சேர்த்தால் இன்னும் நல்லது. பள்ளத்தாக்கில் கைப்பேசிக்கு அலை கிடைக்காது என்றால், கடைத்தெருவில் இருக்கும் உறவினர் எண்ணைக் கொடுங்கள். பொருள் வரவில்லை என்றால், விற்பவரைத் திட்டுவதற்கு முன் அலுவலகத்துக் கிராணியை ஒரு வார்த்தை கேளுங்கள்.

எப்போது விட்டுக்கொடுக்கலாம்?

ஆதாரம் தெளிவாக இல்லை, கூரியரும் கையை விரிக்கிறது, தொகையும் சிறியது என்றால், பணத்தைத் திருப்பிக் கொடுப்பதில் கேவலம் இல்லை. பயந்துபோய்க் கொடுக்காமல், விசாரித்து முடிவெடுத்துக் கொடுங்கள். அந்தப் பெயரையும் முகவரியையும் உங்கள் குறிப்பேட்டில் மட்டும் எழுதி வையுங்கள். அதே ஆள் மறுபடி கேட்டால், "மன்னிக்கணுங்க, இப்ப ஆர்டர் எடுக்கிறதில்லை" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

வீட்டுக் கடை நடத்தும் நம் பெண்கள் பலருக்கு இரண்டு பயம்: வாடிக்கையாளர் போய்விடுவார், பேர் கெட்டுவிடும். மரியாதையாகப் பேசி, ஆதாரத்தைக் காட்டி, சொன்ன நேரத்துக்குப் பதில் சொல்பவரின் பேர் அவ்வளவு சுலபமாகக் கெடாது. அடுத்த பொட்டலம் கட்டும்போது கைப்பேசியை எதிரே நிறுத்திப் பதிவைத் தொடங்கிவிட்டு, பிறகு டேப்பை எடுங்கள்.