தென்னங்கள் நாட்டிற்கு ஒரு நண்பர் உலா

திராட்சைக் கொடி படரும் நாடுகளிலே ஒரு வழக்கம் உண்டு. நண்பர் சிலர் ஒருங்கு கூடி, இரண்டு மூன்று நாள் ஓய்வு பெற்று, மது வடிக்கும் தோட்டங்களைக் காணச் செல்வர். பிரான்சு நாட்டுப் போர்தோவும், போர்த்துக்கல் நாட்டுத் தூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கும், நமக்கு அண்மையில் மகாராட்டிர மாநிலத்து நாசிக்கும் இவ்வகை உலாவுக்குப் பேர் பெற்றவை. இலங்கையில் அத்தகைய திராட்சை மது வட்டாரம் இல்லை. ஆயினும் அதற்கு நேரான ஒன்று நம் மாவட்டத்திலேயே உண்டு. மகா ஓயாவின் வடகரையில் தொடங்கி, வென்னப்புவை, மாரவிலை, மாதம்பை, சிலாபம் என நீண்டு, புத்தளத்தை நோக்கிச் செல்லும் தென்னஞ்சோலைக் கரையே அது. இங்கே கொடி இல்லை, மரம் உண்டு. கனி பிழிவதில்லை, பாளை சீவுகிறோம்.

இவ்வுலாவைப் பற்றி எழுதப் புகுந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எம் வகுப்பு நண்பர் ஒன்பதின்மர் இதே கரைக்குச் சென்றோம். வண்டி பேசினோம், தங்க இடம் பார்த்தோம், உணவுக்குச் சொல்லி வைத்தோம். எப்போது குடிப்பது, எவ்வளவு குடிப்பது, குடியாதவர் என்ன செய்வது என்பனவற்றை மட்டும் எவரும் பேசவில்லை. முதல் நாள் நண்பகலிலேயே போத்தல்கள் திறக்கப்பட்டன. கோயில் வழிபாடு மறுநாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது. மறுநாளும் அது நிகழவில்லை. எம்முள் ஒருவர் மதுவைத் தொடாதவர். குடியினால் தந்தையை இளமையிலேயே இழந்தவர். அஃதறிந்தும், வேடிக்கையென எண்ணி, அவர் கையிலே குவளையைத் திணித்தனர். நானும் உடனிருந்து சிரித்தேன். பொழுது விடியுமுன் அவர் தனியே பேருந்தேறிப் போய்விட்டார். அதன்பின் எமது ஒன்றுகூடல் எதற்கும் அவர் வந்திலர். வண்டியும் விடுதியும் நன்றாகவே அமைந்தன, திட்டந்தான் பழுதாயிருந்தது.

ஆதலின், இத்தகைய உலாவுக்கு ஒழுங்கு செய்வோர் முதற்கண் காணப் போகும் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். தென்னையின் விரியாத பாளையை நாரினால் இறுகக் கட்டி, பல நாள் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி, முட்டியைக் கட்டுவர். பாளையினின்று சொட்டும் நீரில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு அளவு சர்க்கரை உண்டு. முட்டியினுள்ளே சுண்ணாம்பு பூசி வைத்தால் நீர் புளியாது நிற்கும், அதுவே கருப்பணி. அதனைக் காய்ச்சினால் பாணியாகும். மேலுங் காய்ச்சினால் கருப்பட்டியாகும். சுண்ணாம்பு இல்லையெனில், காற்றிலும் முட்டியிலும் உள்ள நொதியங்கள் உடனே தொழிலைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு வரை மதுசாரம் கொண்ட கள் ஆகிவிடும். ஒரு நாளுக்கு மேல் நின்றால் மிகப் புளித்து வினாகிரியாகும் வழியிற் செல்லும். ஆகவே, சாராயம் வடிப்போர் கள்ளை விரைந்து வடிசாலைக்குச் சேர்க்கின்றனர். அங்கே வடிக்கப்பட்டு, ஹல்மில்லை முதலிய மரங்களாற் செய்த பீப்பாய்களில் ஊறி முதிர்ந்து சாராயம் வெளிவருகிறது.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று. மரம் தருவது ஒரே நீர். சுண்ணாம்பு இட்டவன் வீட்டுக்குப் பாணி கொண்டு போகிறான். இடாதவன் கள் கொண்டு போகிறான். காலந் தாழ்த்தியவனுக்கு வினாகிரி கிடைக்கிறது. பொருளின் குணத்தை முடிவு செய்வது முன்கூட்டிச் செய்யும் ஒழுங்கே. நண்பர் உலாவும் அவ்வாறானதே.

பழைய மாணவரிடையே இவ்விடத்தில் ஒரு தடை எழும். இந்துக் கல்லூரியிற் பயின்றவர் கள்ளின் நாட்டைக் காணச் செல்லலாமா என்பர். திருக்குறளிலே தொண்ணூற்று மூன்றாம் அதிகாரம் கள்ளுண்ணாமை; அதனை ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். அதே வகுப்பறையிலே, அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டையும் கற்பிக்கிறோம். அவன் தன்னோடு கள்ளைப் பகிர்ந்த திறத்தை அவர் அங்கே நினைந்து இரங்குகிறார். இவ்விரண்டும் முரணுவனபோலத் தோன்றும். வள்ளுவர் அறிவையும் நாணையும் அழிக்கும் வெறியைக் கடிந்தார். ஔவையார் இழந்ததாக அழுதது கள்ளை அன்று; பகிர்ந்த கையை. குடியாதவர் வள்ளுவர் பக்கம் நிற்கட்டும். குடிப்பவரும் பகிர்தலை மறந்தால் ஔவையார் பக்கம் நிற்க உரிமையற்றவரே. எம் சென்ற உலாவிலே நாம் இருவர் பக்கமும் நிற்கவில்லை.

இனி, காலத்தைப் பார்ப்போம். கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரையுள்ள காலமே ஏற்றது. நவம்பர் முதல் ஏப்ரில் வரை கற்பிட்டிக் கடல் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். ஓங்கில் மீன்கள் கூட்டங் கூட்டமாகத் துள்ளுவதைப் படகிலிருந்து காணலாம். தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்காலத்தில் அக்கடல் கொந்தளிக்கும். இயலுமாயின் முழுமதி நாள் ஒன்று இடையில் வருமாறு நாட் குறித்துக் கொள்க. போயா தினத்தில் நாடெங்கும் மதுக்கடைகள் மூடப்பட்டிருக்கும். அதனைத் தடையென்று வருந்தாது, உலாவின் நடுவே இயல்பாக அமைந்த ஒரு தூய நாளென்று கொள்வது நன்று.

அடுத்தது இடங்களின் வரிசை. இதிலேதான் உலாவின் உயிர் இருக்கிறது. கொழும்பிலும் பிற ஊர்களிலும் சிதறி வாழும் நாம் முதல் நாள் மாலை சிலாபத்தில் ஒன்று கூடுவோம். பஞ்ச ஈச்சரங்களுள் ஒன்றாகிய முன்னேசுவரம் நகருக்கு மிக அண்மையில் உள்ளது. அங்கே மாலை வழிபாடு. வழிபாடு முதலில் வந்துவிட்டால், பின்னர் எதனாலும் அது தவறாது.

இரண்டாம் நாள் விடியற்காலை, தெற்கே சிறிது தூரம் சென்று மாதம்பை, மாரவிலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலே கள் இறக்குவதைக் காணலாம். தோட்டக்காரரிடம் முன்பே அனுமதி பெறல் வேண்டும். சுவைக்க விரும்புவோர்க்கு மரத்தடியில் அவ்வேளையில் இறக்கியதே சிறந்தது. வீதியோரத்தில் விற்கும் கலப்படக் கள்ளையும் கசிப்பையும் கண்ணெடுத்தும் பாராதொழிக. மதுவைத் தொடாதவர்க்கு அதே மரத்தடியிலே கருப்பணி கிடைக்குமாறு முன்னாளே சொல்லி வைத்தல் வேண்டும். அவர் வெறுங் கையோடு நிற்கலாகாது. 1929 இல் தொடங்கப்பெற்ற தென்னை ஆராய்ச்சி நிலையம் அருகே லுணுவிலையில் உள்ளது. முன் அனுமதி பெற்றால், தென்னையின் இனங்களையும் நோய்களையும் பற்றி அறிந்தோரிடமே கேட்டுத் தெளியலாம்.

நண்பகலுக்குமேல் வடக்கே திரும்புக. வழியிலே உடப்பு உள்ளது. திரௌபதை அம்மன் கோயிலும் தீமிதிப்பும் அத்தமிழ்க் கிராமத்தின் பெருமை. அப்பால் பாலாவிச் சந்தியில் இடப்புறம் திரும்பினால், ஒரு பக்கம் களப்பும் மறு பக்கம் கடலுமாகக் கற்பிட்டி வரை வழி செல்லும். இடையிலே தலவில புனித அன்னம்மாள் தேவாலயம். முடிவிலே 17 ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் மதுவை மார்க்கத்தால் விலக்கிய முஸ்லிம் மக்கள் பெருந்தொகையினராய் வாழ்கின்றனர். அவர் தெருவிலே போத்தலுடன் நடப்பது விருந்தினர்க்கு அழகன்று. மூன்றாம் நாள் வைகறையில் படகேற வேண்டும். முந்திய இரவு மிதமிஞ்சியவர் அலையின்மேல் படும் பாட்டைக் கூற வேண்டுவதில்லை. கோயில் முதலிலும் கடல் கடைசியிலும் நின்று இடையிலுள்ள கள்ளுக்குக் கரை கட்டுகின்றன.

புறப்படுமுன் யாவரும் கூடி உடன்பட வேண்டியவை சில. வண்டி ஓட்டுபவர் மூன்று நாளும் மதுவைத் தொடலாகாது. வாடகை வண்டியாயினும் சாரதிக்கு ஊற்றிக் கொடுப்பது நட்பன்று, கேடு. உணவு, தங்கல், வண்டி ஆகியவற்றின் செலவு பொதுவில் அடங்கும். மதுச் செலவு பொதுவில் அடங்காது. குடியாதவன் பணத்தில் குடிப்பது முறையன்று. பிள்ளைகளை உடனழைத்து வருவோர், 21 வயதுக்கு உட்பட்டோர்க்கு மது விற்றலை 2006 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருப்பதை நினைவிற் கொள்க. வேண்டாமென்று ஒருவர் ஒருமுறை சொன்னால் மறுமுறை கேட்கலாகாது. காரணமுங் கேட்கலாகாது.

கடைசியாக, மரத்தின்மேல் நிற்பவனைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு நாளில் இருமுறை மரமேறி, சில தோட்டங்களிலே மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றின்மேல் நடந்து, உயிரைப் பணயம் வைத்து அவன் இறக்கியதையே நாம் கீழே நின்று சுவைக்கிறோம். வடபகுதிக் கிராமங்களிலே அவன் இறக்கிய கள்ளைக் குடித்தவர், அவனைத் திண்ணையிலும் இருத்தவில்லை, கோயிலுள்ளும் விடவில்லை. 1957 இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்த பின்னரும், 1968 இல் மாவிட்டபுரத்திலே வாயிலிற் போராட வேண்டியிருந்தது. இந்துக் கல்லூரி மாணவராகிய நாம் மறக்கத்தகாத கணக்கு இது. தோட்டத்திற்குச் செல்லும்போது அவர் பெயரைக் கேட்போம். ஒரே பாயில் உடனிருந்து காலையுணவு உண்போம். அவருடைய நேரத்துக்குரிய கூலியைக் குறையாது கொடுப்போம். கையில் குவளை ஏந்தியவரும் ஏந்தாதவரும் ஒருங்கே செய்யக்கூடிய செயல் இது.

வருகின்ற தை மாதத்தில் எம் வகுப்பு நண்பர் மீண்டும் இவ்வுலாச் செல்ல எண்ணியுள்ளோம். மேலே கூறிய ஒழுங்கை ஒரு தாளில் எழுதினோம். வண்டி பேசுமுன், விடுதி பார்க்குமுன், அதன் முதற் படியை அன்று விடியலிலே பேருந்தேறிச் சென்ற நண்பருக்கு அனுப்பினோம். நான் சிரித்ததற்கு மன்னிப்பும் உடன் எழுதினேன். மறுமொழி இன்னும் வரவில்லை. வண்டியிலே அவருக்குரிய இடத்தை ஒதுக்கி வைத்திருக்கிறோம்.