கடலில் போடும் கிணறும் 'காவிரிப் படுகை'தான்

"மன்னார் வளைகுடாவில் எரிவாயுக் கிணறு போட்டா திருச்சி விவசாயிக்கு என்னங்க?" ஸ்ரீரங்கம் பக்கத்து உழவர் கூட்டங்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். நம்ம காவிரி அந்த வளைகுடாவில் போய்க் கலப்பதும் இல்லை. ஆனால் ஏல ஆவணத்தைப் பாருங்கள். மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஆழ்கடலில் சுமார் 9,990 சதுர கிலோமீட்டர் பகுதியை 'காவிரிப் படுகை' என்றே எழுதியிருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் ஓ.என்.ஜி.சி.யோடு ஒப்பந்தமும் ஆகிவிட்டது. நெடுவாசல், கதிராமங்கலம், இந்தக் கடல் எல்லாம் அவர்கள் கணக்கில் ஒரே பேரேடு.

தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரை 21 தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். பாறை என்கிறோமே தவிர, அது உயிர். பயறு வகைகளின் வேர்முடிச்சில் ரைசோபியம் குடியிருப்பதுபோல, பவள உயிரிக்குள் நுண்பாசி குடியிருந்து வெயிலை வாங்கி உணவு சமைத்துத் தருகிறது. நீர் கலங்கி வெயில் மறைந்தால் இரண்டுக்கும் பட்டினி. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள்; இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 2010இலும் 2016இலும் கடல் சூடாகிப் பவளம் வெளுத்தது. ஏற்கெனவே நொந்த இடம். மீன் குஞ்சு வளரும் நாற்றங்காலும் அதுதான். துளைக் கழிவும் எண்ணெய்க் கசிவும் அங்கே வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் மீனவர்களின் பயம்.

நான் வங்கியில் கடன் மனு பார்த்தவன். சொத்துக்காரர் கையெழுத்து இல்லாமல் அடமானம் எழுத முடியாது. இங்கே அந்தக் கையெழுத்தே வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்கள். 2020 ஜனவரியில் ஒன்றிய அரசு, ஆய்வுக் கிணறுகளை 'ஏ' பிரிவிலிருந்து 'பி2' பிரிவுக்கு மாற்றியது. நிலத்துக் கிணறு, கடல் கிணறு இரண்டுக்கும் இதே விதி. பி2 என்றால் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது.

"அதான் வேளாண் மண்டலச் சட்டம் இருக்கே" என்பார்கள். 2020 பிப்ரவரியில் வந்த அந்தச் சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் அதன் வேலி கடற்கரையோடு நின்றுவிடுகிறது. மேற்கேயும் அப்படித்தான்: திருச்சி, கரூர், அரியலூர் மூன்றும் அதற்குள் இல்லை. முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற மண்ணுக்கே அந்தக் காப்பு இல்லை! ராமநாதபுரமும் வெளியேதான். அங்கே நிலத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு 2025இல் அனுமதி கொடுத்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் மாநில அரசு 'விட மாட்டோம்' என்றது.

எதிர்ப்பு வீண்போவதில்லை. 2017இல் மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடிய நெடுவாசல் இன்று சட்டத்தின் பாதுகாப்புக்குள் இருக்கிறது. நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பரில் கண்மூடியதும் மீத்தேன் எதிர்ப்புப் பயணத்தில்தான். டெல்டா உழவர் போராடியபோது மீனவர்களும் துணை நின்றார்கள். இப்போது நம் முறை.

செய்ய வேண்டியது மூன்று. அந்தநல்லூர், மணிகண்டம், லால்குடி என்று எந்த ஒன்றியமானாலும், அடுத்த கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். திருச்சி, கரூர், அரியலூரைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் சேர்க்க வேண்டும். ஆய்வுக் கிணறுகளுக்கும் கருத்துக் கேட்பு திரும்ப வர வேண்டும். மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஒப்பந்தத்தை ரத்துசெய்ய வேண்டும் என்று மூன்றையும் எழுத்தில் பதியச் சொல்லுங்கள். தீர்மான நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது, மீனவர் சங்கத்தாரை நம் விதைத் திருவிழாக்களுக்கு அழைத்து மேடை கொடுங்கள். மூன்றாவது, அவர்கள் கூட்டம் போட்டால் பச்சைத் துண்டோடு போய் உட்காருங்கள்.

காவிரிப் படுகை என்று அவர்கள் கடலையும் நிலத்தையும் சேர்த்தே எழுதிவிட்டார்கள். நாமும் சேர்ந்தே நிற்போம்.