நிலவரியும் சபை நாற்காலியும்: அய்யன்காளி வந்த வழி

திருவனந்தபுரம் பாளையம் பக்கம் இருக்கும் பழைய வி.ஜே.டி. ஹாலை அறியாத தமிழ்க் குடும்பம் நம் நகரில் இருக்காது. 1896-இல் திறந்த அந்த மண்டபத்துக்கு 2019-இல் அய்யன்காளி ஹால் என்று பெயர் மாற்றினார்கள். அவர் பெயரை ஏன் வைத்தார்கள் என்று நம் பிள்ளைகள் கேட்டால், அந்தக் காலத்தில் சபைக்குள் யார் நுழைய முடிந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பார்லிமெண்ட் உறுப்பினர் என்றாலே பெரும்பாலும் நிலக்காரர்தான். கவுண்டித் தொகுதிகளில் ஓட்டுப் போடவே, ஆண்டுக்கு 40 ஷில்லிங் மதிப்புள்ள சொந்த நிலம் வேண்டும். 1430-இல் வந்த சட்டம் அது. திருவிதாங்கூரும் ஏறக்குறைய அதே அளவுகோலைத்தான் எடுத்துக்கொண்டது. 1904 அக்டோபர் 22-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை இதே ஹாலில் முதன்முதலாகக் கூடியது. ஆண்டுக்கு 100 ரூபாய்க்குக் குறையாமல் நிலவரி கட்டுகிறவர்களும் பெரிய வருமானக்காரர்களும்தான் அதில் இடம்பெற்றார்கள். 1905-இல் தேர்தல் முறை வந்தபோது, ஓட்டுரிமைக்கான நிலவரி வரம்பு 50 ரூபாய் ஆயிற்று. 100 உறுப்பினர்களில் 77 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 23 பேர் அரசின் நியமனம். நாஞ்சில் நாடும் அப்போது திருவிதாங்கூரில்தானே இருந்தது; அங்கேயும் இதே கணக்குத்தான்.

அப்படின்னா, நிலமே இல்லாதவனுக்கு யார் பேசுவது?

1863 ஆகஸ்ட் 28-இல் வெங்ஙானூரில் புலையர் குடும்பத்தில் பிறந்தவர் அய்யன்காளி. தகப்பனார் அய்யனுக்கு நிலவுடைமையாளர் ஒருவர் கொஞ்சம் நிலம் கொடுத்திருந்தார். அந்தச் சமூகத்தில் அது அபூர்வம். அய்யன்காளிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் 1893-இல், தடை செய்யப்பட்ட பொதுவழியில் வில்வண்டி ஓட்டிக் காட்டினார். 1907-இல் சாதுஜன பரிபாலன சங்கம் தொடங்கினார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்கமாட்டோம் என்று வேலைநிறுத்தம் நடத்தியதும் அவர்தான்.

1911-இல் அரசு அவரைச் சபைக்கு நியமித்தது. ஓட்டு வழியாக அவர் வந்திருக்க முடியாது. அவருடைய மக்களில் வரி கட்டும் அளவுக்கு நிலம் வைத்திருந்தவர் யார்? உள்ளே வந்ததும் அவர் கேட்டவற்றில் முக்கியமானது நிலமே. புதுவல் எனப்படும் சர்க்கார் தரிசை எங்கள் ஆட்களுக்குப் பதித்துக் கொடுங்கள் என்றார். காரணம் எளிது. கூலிக்காரரின் குடிசை முதலாளியின் மண்ணில் நின்றது. எதிர்த்துப் பேசினால் வேலையோடு வீடும் போகும். சொந்தமாகக் கொஞ்சம் மண் இருந்தால்தான் பள்ளியும் வழியும் தைரியமாகக் கேட்க முடியும். சுமார் இருபது ஆண்டுகள் சபையில் இருந்து இதையே விடாமல் சொன்னார்.

அவர் 1941 ஜூன் 18-இல் மறைந்தார். வயது வந்தோர் எல்லாருக்கும் ஓட்டு என்று திருவிதாங்கூரில் தேர்தல் நடந்தது 1948-இல். குடிசை நின்ற மண்ணில் குடியிருப்பவருக்கே உரிமை தரும் நிலச்சீர்திருத்தம் கேரளத்தில் 1970 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. இரண்டையும் அவர் பார்க்கவில்லை. நிலவரி ரசீதோடு வந்தவர்கள் அமர்ந்த மண்டபத்துக்கு, நிலம் கேட்டு வந்தவரின் பெயர் நிலைத்திருப்பது நியாயம்தான்.